நல்ல கிருமிப் பவுடரும் உப்புத்தண்ணியும்

மருந்துக்கடைத் தொழிலில் கேட்டதை எடுத்துக் கொடுப்பவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கேட்டது வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கிறவன்தான் மாட்டிக்கொள்வான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் எப்போதாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையில் சீட்டோடு எங்கள் முன்னால் நின்றவர்கள்தானே? அதனால் நீங்களும் எங்கள் கூட்டம்தான்.

நான் மஸ்கட்டில் பல வருஷம் பார்மசிஸ்டாக இருந்துவிட்டு, ஐம்பதைத் தொடுவதற்குள் ஊரோடு வந்துவிடலாம் என்று திரும்பியவன். சொந்த ஊர் வேலூர். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த இம்தியாஸ் ஆம்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான், அவனோடு சேர்ந்துகொண்டேன். கடைக்கு மாடியில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக். அவர் எழுதிக் கொடுத்ததோடு ஜனங்கள் படி இறங்குவார்கள், நேராக எங்கள் கவுன்ட்டர். அந்த மாடிப்படிதான் எங்கள் பிழைப்பு.

போன மழைக்குப் பிறகு, கடைக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. அந்தச் சில வாரங்களில் நடந்தவைதான் இவை. கலைவாணி என்ற பெண்ணின் கைக்குழந்தை பிழைக்குமா என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதும் அந்த வாரங்களில்தான். அதைச் சொல்லத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

உப்பும் கிருமியும்

பேதிக்கு டாக்டரம்மா எழுதுவது மூன்று. கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட், எங்கள் பக்கத்தில் அதற்கு உப்புத்தண்ணி என்று பேர். குழந்தையாக இருந்தால் ஜிங்க் சிரப். மூன்றாவதாக ஒரு புரோபயாடிக் பவுடர். குடலுக்கு நல்லது செய்யும் என்று நம்பப்படுகிற கிருமிகளை உலர்த்திப் பொடியாக்கி, இனிப்பும் வாசனையும் சேர்த்துச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்தது. இம்தியாஸ் அதற்கு 'நல்ல கிருமிப் பவுடர்' என்று பேர் வைத்து, அந்தப் பேர் தெருவெல்லாம் பரவியிருந்தது.

தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் வேலை பார்க்கிற ஏழுமலை சீட்டோடு வந்தார். இம்தியாஸ் வழக்கமான பாட்டைப் பாடினான்: இது உப்புத்தண்ணி, அடிக்கடி குடிக்கணும், இது நல்ல கிருமி, கெட்ட கிருமியை விரட்டும். ஏழுமலை பவுடர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைக்கிற இடத்தில் வாழ்க்கையைக் கழித்தவர். "இன்னா பாய் இது? தோலுல கிருமி வரக்கூடாதுன்னுதான் நாங்க உப்பு அடிக்கிறோம். நீ உப்பையும் குடுத்து, கிருமியையும் குடுக்கறியே!"

ரெப் பிரபு

மாதம் ஒரு தடவை அந்தப் பவுடர் கம்பெனியின் விற்பனை ரெப் வருவான். பிரபு என்று பேர், கணியம்பாடிப் பக்கம். சிரித்த முகம், வழவழப்பான காகிதத்தில் வண்ணப் படங்கள். பவுடர் கொடுத்தால் பேதி ஒரு நாள் முன்னாடியே நிற்கும் என்று அவன் படம் சொன்னது. நான் விடவில்லை. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் சின்னச் சின்னதாக நடந்த ஆய்வுகள் பல அப்படித்தான் சொல்லின. பிறகு நிறைய குழந்தைகளை வைத்து, யாருக்குப் பவுடர், யாருக்கு வெறும் மாவு என்று கொடுக்கிறவருக்கே தெரியாதபடி கவனமாகச் செய்தார்கள். அதில் பவுடர் சாப்பிட்ட குழந்தைக்கும் சாப்பிடாத குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வருகிற பேதியைத் தடுக்க அது கொஞ்சம் உதவலாம் என்கிறார்கள், அது வேறு சமாச்சாரம். தொற்றால் வருகிற பேதிக்கு உயிரைக் காப்பது உப்புத்தண்ணி. குழந்தைகளுக்கு ஜிங்க் துணை.

இதையெல்லாம் நான் இங்கிலீஷில் படித்தவன். ஐந்தாவது வரை தமிழில் படித்து, ஆறாவதிலிருந்து இங்கிலீஷுக்கு மாறிய தலைமுறை எங்களுடையது. ஒன்றில் படித்ததை இன்னொன்றில் சொல்லும்போது ஏதோ ஒன்று கீழே சிந்திவிடும். 'அனேகமாக வித்தியாசம் இருக்காது, உறுதியாகச் சொல்வதற்கில்லை' என்று அங்கே பதமாக எழுதியிருப்பதை, கவுன்ட்டரில் கூட்டம் நெருக்கும்போது 'அது வேணாம்மா, வேஸ்ட்டு' என்று சொல்லிவிடுவோம். அன்று எனக்கு இது உறைக்கவில்லை. பிரபுவை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அவன் படங்களைப் பைக்குள் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எனக்கும் தெரியும் சார். ஆனா எங்க பாப்பாவுக்கு வந்தப்போ நானும் இதத்தான் கலக்கிக் குடுத்தேன். கைய கட்டிக்கினு உக்கார முடியல சார்."

பிரியாணி மாஸ்டர்

பவுடரைப் பற்றி நான் இவ்வளவு அலட்டிக்கொண்டிருந்தபோது, உப்புத்தண்ணிக்கு வீடுகளில் என்ன நடந்தது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்க ஒரு வாய்ப்பும் வந்தது. பைபாஸ் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பிரியாணி போடுகிற மாஸ்டர், பெயர் சலீம், முகமெல்லாம் வாடி வந்தார். உப்புத்தண்ணி குடித்தும் தாகம் அடங்கவில்லை, குமட்டுகிறது என்றார். எப்படிக் கலக்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு டம்ளரில் ஒரு பாக்கெட்டை முழுசாகக் கொட்டியிருக்கிறார்.

பெரியவர் உடம்பு, தாங்கிக்கொண்டது. இதையே கைக்குழந்தைக்குக் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீர், அதாவது பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தண்ணீர் அளவைப் பற்றி அவரிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். "அவ்ளோ தண்ணி ஊத்துனா இன்னா சார் ருசி இருக்கும்? எங்க தேக்ஸா அண்டாவுல தண்ணி ஜாஸ்தியா போச்சுன்னா, அன்னிக்கு பிரியாணியே பேஜாராயிடும்."

அன்று இம்தியாஸும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வேன் வந்து நிற்கிற நேரம்

ஷூ கம்பெனி வேன்கள் சாயங்காலம் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கும். பெண்கள் திமுதிமுவென்று இறங்குவார்கள். கலைவாணி அப்படி இறங்கி வந்தவள். ஸ்டிச்சிங் செக்ஷன். காலையில் மாமியார் வீட்டு ஆட்கள் குழந்தையை டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். மருந்து வாங்குகிற வேலை இவளுக்கு. பையன் இன்னும் எழுந்து நிற்கப் பழகாதவன். நேற்றிலிருந்து பேதி.

நான் அவளுக்கு நேரம் ஒதுக்கித்தான் பேசினேன். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி, இதில் ஒரு பாக்கெட் என்றேன். ஸ்பூன் ஸ்பூனாக, வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். தாய்ப்பாலை நிறுத்தாதே. ஜிங்க் சிரப்பை, பேதி நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடு. ஒண்ணுக்குப் போகவில்லை என்றாலோ, கண் உள்ளே போனாலோ, துவண்டு படுத்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடு. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஒரு தடவை திருப்பியும் சொல்லிக் காட்டினாள். ஆரஞ்சு வாசனை போட்ட பாக்கெட் அந்த வாரம் எங்குமே கிடைக்கவில்லை, வாசனை இல்லாததைக் கொடுத்தேன். கடைசியாகப் பவுடரை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, இது வேண்டாம்மா, இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றேன். அவள் பையைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். "மருந்துக் கடையில மருந்து வேணாம்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் சார்."

அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

மாடியிலிருந்து அழைப்பு

இப்படி இன்னும் சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது மாடிக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் காலையே டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். இம்தியாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போய் சலாம் போட்டுட்டு வந்துரு. எதிர்த்து எதும் பேசாத" என்று படியின் கீழ்ப்படி வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அறுபதைத் தாண்டியவர், வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள், உள்ளே என்னை உட்கார வைத்து டீ சொன்னார். நான் படித்ததையெல்லாம் அவரும் படித்திருந்தார். பெரிய ஆய்வுகள் வந்து எவ்வளவோ காலம் ஆகிறது என்றார். அப்புறம் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். வெறும் உப்புத்தண்ணி எழுதினால் அது வைத்தியமே இல்லை என்று நினைக்கிறார்கள் என்றார். பஸ் ஏறிப் போய் யாரிடமாவது தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குகிறார்கள், ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு அந்தப் பவுடரால் பொதுவாகக் கெடுதல் இல்லை என்றும் சொன்னார்.

அது வைத்தியமா, ஏமாற்றா என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பெல்லை அழுத்தி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நான் எழுந்ததும் சொன்னார்: "சாமுவேல், நீங்க சொல்றது சரி. பவுடரை எடுத்துட்டீங்க, சரி. அந்த இடத்துல என்ன வச்சீங்க?"

பதில் வைத்திருந்தேன் என்றுதான் நினைத்தேன். உப்புத்தண்ணிதான் இருக்கிறதே என்ற அந்தப் பதிலைப் படி இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டும் வந்தேன்.

கேட்டில் வைத்த போன்

அன்று சாயங்காலம் வேன் வந்து நின்றது. கலைவாணி இறங்கினாள். கால் தரையில் படுவதற்குள் அவள் தெருவிலிருந்து யாரோ ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் எங்கள் கடையைத் தாண்டி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வழியாக ஒரு ஆட்டோ வேகமாகப் போனது. உள்ளே துணியில் சுற்றிய குழந்தை. கை துவண்டு வெளியே தொங்கியது.

என்ன நடந்தது என்பதை இம்தியாஸ் தெருவில் விசாரித்துவிட்டு வந்தான். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கலைவாணியின் நாத்தனார் விஜயா. வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் கோர்த்துத் தைக்கிற வேலை அவளுக்கு. காலையில் வேனைப் பிடிக்கிற அவசரத்தில் கலைவாணி பையை அவளிடம் கொடுத்து, "கடையில பவுடர் வேணாம்ட்டாங்க, இந்தத் தண்ணிய குடு அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாள். வாசனையில்லாத உப்புத்தண்ணியைக் குழந்தை துப்பிவிட்டது. மறுபடியும் கொடுத்தால் வாந்தி. விஜயா யோசித்திருக்கிறாள்: மருந்துதான் வேண்டாமென்று கடையிலேயே சொல்லிவிட்டார்கள், இந்தத் தண்ணிக்காகப் பிள்ளையை ஏன் போட்டுப் படுத்துவது? நிறுத்திவிட்டாள். தூங்குகிறான், நல்லதாயிற்று என்று விட்டிருக்கிறாள். மத்தியானம் பயம் வந்து கலைவாணிக்கு போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள்; சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும்.

நாங்கள் கடையைத் திறந்து வைத்திருந்தோமே தவிர, வியாபாரம் பார்க்கவில்லை. குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி வந்தது. டிரிப் ஏறுகிறது என்று இன்னொன்று. அன்றும் மறுநாளும் ஒண்ணுக்குப் போயிற்றா என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் ஒரே கேள்வி. போயிருந்தால் உடம்பில் தண்ணீர் சேர ஆரம்பித்துவிட்டது என்று எங்களுக்கு அர்த்தம் தெரியும். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும், அதில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. இம்தியாஸ் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். "நீ சொன்னது ரைட்டுதான் தோஸ்த். ஆனா அந்தப் புள்ளைக்காக துவா கேக்கறப்போ உன் ஆராய்ச்சியும் ஞாபகம் வரல, என் யாவாரமும் ஞாபகம் வரல."

கலைவாணி சொன்னது

பையன் பிழைத்துவிட்டான். சரியான அளவில் உப்பும் தண்ணீரும் நரம்பு வழியாகப் போனதும், வாடிய செடி நிமிர்கிற மாதிரி நிமிர்ந்தான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்ததும் முக்கியமாக அதேதான். வாய் வழியாகப் போக வேண்டியது ஊசி வழியாகப் போயிற்று.

கலைவாணி பாக்கி ஜிங்க் சிரப் வாங்க வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தேன். அவள் திட்டவில்லை. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கு லீவு கேட்டதில் லைன் சூப்பர்வைசரோடு சண்டை. இன்றைக்குத்தான் மறுபடி வேனில் ஏறியிருக்கிறாள். சிரப்பின் அளவை மறுபடியும் நான் சொல்ல ஆரம்பித்தேன். பழக்கதோஷம். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "என்கிட்ட நீங்க நல்லாதான் சொன்னீங்க சார். நான்தான் வீட்ல இல்லியே."

விஜயா அண்ணி

அதற்குப் பிறகு கலைவாணி எங்கள் கடைக்கு வரவில்லை. வேனிலிருந்து இறங்கி ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கோபம் இருக்காது, கூச்சமாக இருக்கலாம் என்று இம்தியாஸ் சொல்கிறான். எனக்கும் அவளைக் கூப்பிடக் கூச்சம்.

வந்தது விஜயா. ஒரு நாள் காலை கடை திறந்த கையோடு வந்து கவுன்ட்டரில் கையை ஊன்றினாள். விரல் நுனியெல்லாம் ஊசி ஏறிய காய்ப்பு. எனக்கு ஒன்றிரண்டு வயசு சின்னவளாக இருப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேதி. டாக்டரம்மா எழுதிய மூன்றும் வேண்டும் என்றாள். மூன்றும் என்பதை அழுத்திச் சொன்னாள். நான் மூன்றையும் எடுத்து வைத்தேன். அப்போது அவளே சொன்னாள்: போன வருஷம் அவளுடைய மகளுக்கு இதே பேதி வந்தபோது, இந்தப் பவுடரை உப்புத்தண்ணியில் கலக்கித்தான் கொடுத்தாளாம். ஐஸ்கிரீம் வாசனை அடிக்கிறது என்று பிள்ளை முழு பாட்டிலையும் குடித்ததாம். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறோம், உனக்குத் தெரியாதா என்றாள்.

தெரியாது. மஸ்கட்டிலும் தெரியாது, இங்கேயும் தெரியாது. எந்த ஆய்விலும் இது வராது. பவுடரும் மாவும் ஒரே வாசனையோடு இரண்டு பக்கமும் கொடுத்து, உப்புத்தண்ணியையும் பக்கத்தில் ஆள் வைத்துக் கொடுத்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள். வாசனையைத் தேடித் தண்ணீரைக் குடித்த பிள்ளை இந்தத் தெருவில்தான் இருந்தது.

"என்ன நின்னுட்ட? எப்டி கலக்கணும், எப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும், அத சொல்லு. அவகிட்ட சொன்னியாமே, அதே மாதிரி என்கிட்ட சொல்லு" என்றாள். சொன்னேன். லிட்டர் பாட்டிலைக் காட்டினேன். வாந்தி எடுத்தாலும் பொறுத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். வாசனை வேண்டுமென்றால் ஆரஞ்சு பாக்கெட் இப்போது வந்துவிட்டது, அதுவே போதும் என்றேன். ஒண்ணுக்கு, கண், துவளல் எல்லாம் சொன்னேன். கலைவாணியைவிடக் கூர்மையாகக் கேட்டாள், ஏனென்றால் ஸ்பூனைப் பிடிக்கப்போவது அவள். முடித்ததும், பவுடரையும் விடாமல் மூன்றையும் மாராப்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். ரோட்டில் கால் வைத்தவள் திரும்பினாள். "இந்தப் பின்தெருவுலதான் எங்க வீடு. இத அன்னிக்கே என் வாசல்ல வந்து சொல்லியிருந்தா, உன் காலு தேஞ்சா போயிருக்கும்?"

எந்த மருந்து வேலை செய்யாது என்பதை நன்றாகவே படித்துக்கொண்டு ஊர் திரும்பிய நான், இப்போது கேட்பவர்களுக்கு மூன்றையும் கொடுத்து, வேலை செய்கிற உப்புத்தண்ணியை அந்த வேலை செய்யாத பவுடரின் வாசனையில் ஏற்றிப் பின்தெருவுக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருக்கிறேன்.